நொண்டி அடிக்க வராததற்கு எடை மட்டும்தான் காரணமா?

கடலூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஒரே மகன், 4 வயது 8 மாதம், எல்.கே.ஜி. எடை 22.5 கிலோ, உயரம் 109 செ.மீ. பள்ளி விளையாட்டு விழாவில் தவளை ஓட்டத்தில் இரண்டே தாவலில் உட்கார்ந்துவிட்டான். நொண்டி அடிக்க வரவில்லை. மாடிப்படி இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் இறங்குகிறான். பென்சில் பிடிக்கச் சொன்னாலும் சலித்துக்கொள்கிறான். "குண்டா இருக்கான்ல, அதான். வெயிட்டைக் குறைங்க, எல்லாம் தானா வரும்" என்று வகுப்பு ஆசிரியை சொல்லியிருக்கிறார். "புள்ள பூசினாப்ல இருந்தாத்தான் அழகு, ஓடற வயசு வந்தா கரைஞ்சிடும்" என்பது மாமியாரின் கருத்து. கணவர் கைபேசியில் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் குறியீடு) கணக்குப் போட்டு, "18.9 வருது, நார்மல்" என்று முடித்துவிட்டார்.

வீடு மாடி போர்ஷன். தாத்தா பள்ளிக்கு வண்டியில் கொண்டுபோய் விடுகிறார், படியில் தூக்கிக்கொள்கிறார். நாளுக்கு மூன்று டம்ளர் பால், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் மால்ட் பவுடரும். சாப்பாடு போன் பார்த்துக்கொண்டுதான் இறங்குகிறது. 15 மாதத்தில்தான் நடந்தான், அப்போதே கவனிக்காமல் விட்டுவிட்டேனோ என்று தாய்க்கு உறுத்தல். இரவுச் சோற்றை நிறுத்தலாமா, தைராய்டு பார்க்க வேண்டுமா, ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்க்கலாமா, அடுத்த விளையாட்டு விழாவுக்கு அனுப்பாமலே இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த 15 மாத உறுத்தலை இறக்கி வையுங்கள். ஆரோக்கியமான குழந்தைகளை இந்தியா உட்படச் சில நாடுகளில் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்கின்படி, பிடிமானம் இல்லாமல் தனியாக நடக்கும் வயது ஏறக்குறைய 8 மாதத்தில் தொடங்கி 17½ மாதம் வரை நீள்கிறது. உங்கள் மகன் அதற்குள்தான் நடந்திருக்கிறான். நீங்கள் எதையும் தவறவிடவில்லை.

உங்கள் கணவர் போட்ட கணக்கு சரி. ஒப்பிட்ட அட்டவணைதான் தவறு. 18.5 முதல் 25 வரை நார்மல் என்பது பெரியவர்களுக்கானது. குழந்தையின் பி.எம்.ஐ. வயதோடு மாறும். பிறந்த முதல் ஆண்டில் ஏறி, பிறகு இறங்கி, 5, 6 வயதில் மிகக் கீழே வந்து, மறுபடி ஏறும். உங்கள் மகன் வயதில் ஆண் குழந்தையின் நடுமதிப்பு 15.3-ஐ ஒட்டியது. 18.2-ஐ ஒட்டிய கோட்டைத் தாண்டினால் அதிக எடை, 20-ஐத் தாண்டினால் உடல் பருமன். ஆகவே 18.9 என்பது அதிக எடை.

இன்னொன்றையும் சொல்லிவைக்கிறேன், பின்னால் குழப்பம் வரக்கூடாது. 5 வயது முடிந்ததும் அளவுகோலே மாறிவிடும். அங்கே 16.7-ஐ ஒட்டி அதிக எடை தொடங்குகிறது, 18.3-ஐ ஒட்டி உடல் பருமன். இதே உடம்போடு பிறந்தநாள் கழித்து ஒரு மருத்துவரிடம் போனால் அவர் "உடல் பருமன்" என்று எழுதலாம். நான்கு மாதத்தில் பிள்ளை கெட்டுப்போய்விட்டான் என்று பதறாதீர்கள்.

உயரம் 109 என்பது நல்ல செய்தி. இந்த வயதின் நடு உயரம் ஏறக்குறைய 108. சாப்பாட்டால் எடை கூடும் குழந்தைகள் பெரும்பாலும் உயரத்திலும் குறைவதில்லை. தைராய்டு போன்ற சுரப்பிக் கோளாறால் பருமனாகும் குழந்தைகளின் உயரம் தேங்கிவிடும். அதனால் தைராய்டு பரிசோதனைக்கு இப்போது அவசரமில்லை. சுவரில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். ஓராண்டில் 5 செ.மீ.கூட ஏறவில்லை என்றால் அப்போது அவசியம் பாருங்கள்.

எடை எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது

ஆசிரியை சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இதே உயரமுள்ள சராசரிப் பையன் ஏறக்குறைய 18 கிலோ இருப்பான். உங்கள் மகன் அதைவிட நாலரை கிலோ கூடுதல், அதாவது கால்பங்கு. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 15 கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் தாவுவதை நினைத்துப் பாருங்கள். நொண்டி, தவளைத் தாவல், ஓட்டம், படி இறங்குவது எல்லாமே உடம்பை உடம்பே தூக்கிச் சுமக்கும் வேலைகள். அவற்றில் கொழுப்பு வெறும் சுமை. இறங்கும் வேகத்தை அடக்கி நிறுத்தக் கூடுதல் கட்டுப்பாடு வேண்டும். அதனால்தான் ஏறும்போது தெரியாத தடுமாற்றம் இறங்கும்போது தெரிகிறது.

எடை கூடியதெல்லாம் கொழுப்பும் அல்ல, அதில் தசையும் உண்டு. ஸ்வீடனில் 4 வயதுக் குழந்தைகளிடம் கொழுப்பையும் மற்ற திசுக்களையும் தனித்தனியே அளந்து பார்த்தார்கள். கொழுப்பு கூடிய குழந்தைகளின் உடல்தகுதி குறைந்திருந்தது. கொழுப்பில்லாத பகுதி கூடிய குழந்தைகளின் தகுதி கூடியிருந்தது. பி.எம்.ஐ. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது.

இப்போது மறுபாதி. பந்தை எறிவது, பிடிப்பது, பொத்தான் போடுவது, கத்தரிக்கோலால் வெட்டுவது, பென்சில் பிடிப்பது ஆகியவற்றில் பிள்ளை தன் எடையைச் சுமக்க வேண்டியதில்லை. ஆராய்ச்சிகளிலும் எடைக்கும் எறிதல், பிடித்தலுக்கும் உள்ள தொடர்பு மெலிந்தது; விரல் வேலை விஷயத்தில் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. ஆகவே பென்சில் பிரச்சினையை எடையின் கணக்கில் எழுதாதீர்கள். அதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டும். பல நேரம் காரணம், பழக்கமில்லாமை மட்டுமே.

நடக்க ஓடத் தொடங்கிய பருவத்தில் எடைக்கும் திறனுக்கும் உள்ள தொடர்பு லேசானதுதான். பள்ளி வயது ஏற ஏறத்தான் அது இறுகுகிறது. இது ஒருவழிப் பாதையும் அல்ல. கனம் கூடினால் ஆட்டம் குறைகிறது, ஆட்டம் குறைந்தால் திறன் வளர்வதில்லை, திறன் இல்லாதவன் விளையாட்டிலிருந்து ஒதுங்குகிறான், ஒதுங்கினால் கனம் கூடுகிறது. 2008-இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஸ்டாடனும் சகாக்களும் இந்தச் சுழலை விளக்கியபோது ஒரு முக்கியமான குறிப்பைச் சேர்த்தார்கள். சிறு பிள்ளைகளுக்குத் தன் திறமை பற்றிய துல்லியமான கணிப்பு கிடையாது. நன்றாகச் செய்வதாகவே நினைத்துக்கொள்வார்கள். வயது ஏறிய பிறகுதான் மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கூசுவார்கள். உங்கள் மகன் இன்னும் கூசாத வயதில் இருக்கிறான். விழுந்தாலும் மறுபடி எழுந்து தாவுவான். "எடை குறையட்டும், அப்புறம் விளையாடலாம்" என்று இந்த ஓரிரு வருடத்தை விட்டுவிடுவதுதான் உண்மையான நஷ்டம். எடை குறையக் காத்திருக்காமல் இப்போதே நொண்டி சொல்லிக்கொடுங்கள்.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

ஒரு விடுமுறை நாள் காலையில், அவன் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு, வெறுங்காலோடு இவற்றைப் பாருங்கள். தேர்வு என்று சொல்லாதீர்கள், விளையாட்டாகச் செய்யுங்கள். கைபேசியில் படம் எடுத்து வைத்தால் மருத்துவருக்கு உதவும்.

1. தரையில் உட்காரவைத்து, எதையும் பிடிக்காமல் எழச் சொல்லுங்கள். தொடையில் கை ஊன்றி, தன் மேலேயே ஏறுவதுபோல எழுகிறானா என்று பாருங்கள்.

2. ஒற்றைக் காலில் நிற்பது. ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை. இந்த வயதில் சுமார் 5 விநாடி எதிர்பார்க்கலாம். 5 வயது கடந்ததும் 10 விநாடியை நெருங்க வேண்டும்.

3. இரு காலையும் சேர்த்து முன்னே தாவுவது. இரண்டும் ஒன்றாக எழும்பி ஒன்றாக இறங்குகின்றனவா?

4. நொண்டி. 4 வயதுக்குப் பிறகு இரண்டு, மூன்று தாவலாவது வர வேண்டும்.

5. பெரிய ரப்பர் பந்தை இரண்டு மீட்டரிலிருந்து மெதுவாக ஐந்து முறை போடுங்கள். மூன்றையாவது அணைத்துப் பிடிக்கிறானா?

6. பெரிய பொத்தான் போடுவது, கோட்டின்மேல் காகிதம் வெட்டுவது, கூட்டல் குறி வரைவது. சதுரம் நாலரை வயதை ஒட்டி வரும், முக்கோணம் 5-இல்.

முதல் வேலை சரியாக இருந்து, 2 முதல் 4 வரை மட்டும் பின்தங்கி, 5-உம் 6-உம் வயதுக்கேற்ப இருந்தால், எடையும் பழக்கக் குறைவும்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆறு வேலைகளிலும் பின்தங்கினால் எடை அதற்கு விளக்கமாகாது. அப்போது கண் பார்வை, தசை, ஒருங்கிணைப்பு மூன்றையும் ஒரு குழந்தை நல மருத்துவர் பார்க்க வேண்டும். ஒருங்கிணைப்புக் குறைபாடு என்று பெயர் வைப்பதை 5 வயதுக்கு முன் பொதுவாகத் தவிர்ப்பார்கள். அதற்காகப் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம்.

காத்திருக்கவே கூடாதவையும் உண்டு. தொடையில் கை ஊன்றி எழுவது, ஆடுசதை உருண்டு கெட்டியாக இருந்தும் அடிக்கடி விழுவது, முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமல் போவது, நடக்கும்போது கால் விந்துவது, இடுப்பிலோ முழங்காலிலோ வலி, ஒரு பக்கம் மட்டும் பலவீனம். குறிப்பாக ஆண் பிள்ளையின் பருத்த ஆடுசதையை "நல்ல புஷ்டி" என்று வீட்டில் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள். டூஷேன் என்னும் தசைச் சிதைவு நோயின் தொடக்கம் அப்படித்தான் தெரியும். அது அரிது. சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனை வழிகாட்டிவிடும். கழுத்து மடிப்பில் கருமை, வாய் திறந்து உரத்த குறட்டை இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். தட்டைப் பாதமும் உட்புறம் வளைந்த முழங்காலும் இந்த வயதில் பெரும்பாலும் இயல்பு. குதிகாலை உயர்த்தி நிற்கும்போது பாதத்தில் வளைவு தெரிந்து, வலியும் இல்லையென்றால் விலையுயர்ந்த சிறப்புக் காலணி தேவையில்லை.

பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும் அரசுத் திட்டம் 2013-இலிருந்து இருக்கிறது. அதில் வளர்ச்சித் தாமதம் கண்டறியப்படும் குழந்தைகளை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே மருத்துவரையும் இயன்முறைப் பயிற்சியாளரையும் கட்டணமின்றிப் பார்க்கலாம். கூடுதல் பரிசோதனை வேண்டியிருந்தால் புதுச்சேரி ஜிப்மர் உங்களுக்குப் பக்கம்தான்.

நொண்டி சொல்லிக்கொடுக்கும் முறை

காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம் போதும். தொடக்கத்திலும் முடிவிலும் பந்து எறிந்து பிடிக்கட்டும். அவனுக்குச் சுலபமாக வரக்கூடியது அது, வெற்றியோடு தொடங்கி வெற்றியோடு முடியும்.

முதல் வாரம் தாவவே வேண்டாம். சுவரில் ஒரு கை வைத்து, ஒரு காலைப் பந்தின் மேல் லேசாக வைத்து நிற்கட்டும். 10 விநாடி வந்ததும் பந்தை எடுத்துவிடுங்கள், பிறகு சுவரை விடச் சொல்லுங்கள். பல் துலக்கும்போதுகூட இதைப் பழக்கலாம்.

அடுத்து இரு கால் தாவல். கடைசிப் படியிலிருந்து, அதாவது 15 செ.மீ. உயரத்திலிருந்து தரைக்குக் குதிக்கட்டும். கனமான பிள்ளைகள் முழங்காலை விறைப்பாக வைத்துத் தட்டையாக இறங்குவார்கள், 'தொம்'மென்று சத்தம் வரும். அந்த அதிர்ச்சி முழங்காலுக்குப் போகும், பயமும் வந்துவிடும். "பூனை மாதிரி சத்தமில்லாம இறங்குடா" என்று சொல்லுங்கள். முழங்காலை மடக்கு என்று விளக்குவதைவிட இது வேலை செய்யும். எழும்பும்போது கையைப் பின்னால் கொண்டுபோய் முன்னே வீசக் காட்டுங்கள்.

மூன்றாவது கட்டம்தான் நொண்டி. எதிரே நின்று இரண்டு கையையும் நீட்டுங்கள், அவன் உங்கள் கையை அழுத்தித் தாவட்டும். நீங்கள் தூக்கிவிடக் கூடாது. தூக்கினால் அவன் கால் வேலையைக் கற்காது. இரண்டு தாவல், ஓய்வு. சுலபமாக வரும் காலில் தொடங்கி, மற்றக் காலை இரண்டு வாரம் கழித்துச் சேருங்கள். பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல், பிறகு கை இல்லாமல். ஒரு நாளைக்கு ஒரு காலுக்கு 20 இறக்கம் போதும். முழங்கால் உள்ளே சாயத் தொடங்கினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மறுநாள் காலை வலி என்றால் அன்று விடுமுறை.

இதெல்லாம் வந்த பிறகு பாண்டிக் கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டமும் 40 செ.மீ. இருக்கட்டும். முதலில் எல்லாக் கட்டமும் இரு கால், நடுவில் ஒன்று மட்டும் ஒற்றைக் கால். பச்சைக்குதிரை இப்போது வேண்டாம். அவன் கனத்தை இன்னொரு குழந்தையின் முதுகு தாங்காது.

தேவனாம்பட்டினம் கடற்கரை உங்களுக்கு அருகில் இருப்பது வரம். ஆனால் உதிர் மணலில் நொண்டி கற்றுக்கொடுக்காதீர்கள். ஊன்றும் கால் புதைவதால் எழும்ப இரட்டிப்பு பலம் தேவைப்பட்டு அவன் சோர்ந்துவிடுவான். அங்கே நடக்கட்டும், தவழட்டும், குழி தோண்டட்டும், மணல்மேட்டில் ஏறி இறங்கட்டும். அலைக்குள் இறக்க வேண்டாம், இழுப்பு அதிகம். நொண்டியை வீட்டு வாசலிலோ மஞ்சக்குப்பம் மைதானத்தின் கெட்டித் தரையிலோ வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். கனமான பிள்ளைக்கு உடல் சூடு சீக்கிரம் ஏறும். மாமனாரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: படியில் தூக்காமல், கையை மட்டும் பிடித்துக்கொள்ளட்டும். நாளுக்கு நான்கு முறை மாடி ஏறி இறங்குவதே பெரிய பயிற்சி.

3, 4 வயதுக் குழந்தைக்கு நாளில் மொத்தம் 180 நிமிட அசைவு, அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும் ஆட்டம், திரை ஒரு மணி நேரத்துக்குள், தூக்கம் 10 முதல் 13 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு. மூன்று மணி நேரம் என்றதும் மலைக்காதீர்கள். நடை, படி, தண்ணீர் எடுத்து வருவது, கல்லா மண்ணா எல்லாம் அதில் சேரும்.

விரல் வேலைக்கு எழுத்துப் பயிற்சியைக் கூட்டாதீர்கள். சப்பாத்தி மாவு பிசைய, கோலப்பொடியை இரு விரலால் கிள்ளிப் புள்ளி வைக்க, மல்லாட்டை (வேர்க்கடலை) உரிக்கக் கொடுங்கள். உரிப்பதற்கு மட்டும், வாயில் போட்டுக்கொண்டு ஓடவிடக் கூடாது, புரையேறும். குட்டையான கிரேயான் துண்டு கொடுத்தால் பிடி தானாகவே திருந்தும்.

இரவுச் சோறு அல்ல, பால்

இந்த வயதுக்கு நாளுக்கு ஏறக்குறைய 1,360 கிலோ கலோரி தேவை என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. 250 மி.லி. வீதம் மூன்று டம்ளர் பால் 490 அளவுக்கு வரும். ஆறு ஸ்பூன் சர்க்கரை 120. மால்ட் பவுடரையும் சேர்த்தால் 750-ஐத் தாண்டிவிடும். பாதிக்கு மேல் டம்ளரிலேயே போய்விட்டது. போதாக்குறைக்கு, அதிகப் பால் இரும்புச் சத்தைக் குறைக்கும். ரத்தச் சோகை உள்ள குழந்தை இரண்டு தாவலில் உட்கார்ந்துவிடத்தான் செய்யும். தைராய்டைவிட ஹீமோகுளோபின் பார்ப்பது இப்போது பயனுள்ளது.

பாலை 200 மி.லி. வீதம் இரண்டு வேளையாக்குங்கள். பவுடரை நிறுத்துங்கள். சர்க்கரையை மூன்று வாரத்தில் ஒன்று, அரை, இல்லை என்று இறக்குங்கள். ஒரே நாளில் நிறுத்தினால் அழுவான், வீட்டில் பெரியவர்கள் மனம் இளகி மறுபடி தொடங்கிவிடுவார்கள். பசி எடுத்தால் முட்டை, சுண்டல், நெத்திலி, இட்லி என்று உணவாகச் சாப்பிடட்டும். இரவுச் சோற்றை நிறுத்த வேண்டாம். போனை மட்டும் நிறுத்துங்கள். திரையைப் பார்த்துச் சாப்பிடும் பிள்ளைக்கு வயிறு நிறைந்தது தெரியாது. முதல் ஒரு வாரம் குறைவாகத்தான் சாப்பிடுவான். ஊட்டிவிடத் துரத்தாதீர்கள்.

எடையைக் குறைப்பது நம் நோக்கமல்ல, நிறுத்தி வைப்பதுதான். இதே 22.5 கிலோவில் நின்று, ஓராண்டில் உயரம் 115.5 ஆனால் பி.எம்.ஐ. 16.9-க்கு இறங்கிவிடும். அரை கிலோ, ஒரு கிலோ ஏறினாலும் திசை சரிதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடை பார்த்தால் போதும். அவன் காதுபட "குண்டு", "டயட்" என்று யாரும் பேச வேண்டாம். மாமியாரிடம் வாதாடாதீர்கள், "எலும்பும் தசையும் கெட்டிப்படணும் அத்தை" என்று சொன்னால் அவரும் உங்கள் பக்கம் வருவார்.

ஸ்கேட்டிங்கை ஆறு மாதம் தள்ளிவையுங்கள். ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்க வராதவனுக்குச் சக்கரம் கட்டினால் விழுவதைத்தான் கற்பான். மூன்று மாதம் ஒழுங்காகப் பழகியும் நொண்டியில் ஒரு தாவல்கூட வரவில்லையென்றால், நீங்கள் எடுத்த படங்களோடும் எடை, உயரக் குறிப்போடும் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த விளையாட்டு விழாவுக்குக் கட்டாயம் அனுப்புங்கள். ஒரு மாதம் முன்பே ஆசிரியையைப் பார்த்து, எந்தப் போட்டி, எத்தனை மீட்டர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தவளை ஓட்டத்தோடு, கூடையில் பந்து எறியும் போட்டியிலும் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள். அதே தூரத்தை வாசலில் சாக்பீஸால் கோடு போட்டு, பாதித் தூரத்தில் தொடங்கி வாரத்துக்கு ஒரு மீட்டர் கூட்டி அவனோடு சேர்ந்து நீங்களும் தாவுங்கள்.